பன்னிரண்டும் பெட்டை என்றார்கள், மூன்று கூவுகிறது

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு நட்சத்திரம், குஞ்சுகள் வந்து சேர்ந்த விதத்துக்கு, ஒன்று கறுப்புக் குஞ்சுகளுக்கு. மீதி இரண்டு எங்கே போயின என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது ஒரு நாள் வயதுக் குஞ்சுப் பெட்டி. 'பல ரகக் கலவை, பன்னிரண்டு குஞ்சுகள், அனைத்தும் பெட்டை, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தார்கள். உள்ளே பிளாக் செக்ஸ் லிங்க் மூன்று, பஃப் ஆர்பிங்டன் இரண்டு, வெள்ளை லெகார்ன் இரண்டு, பார்டு ராக் இரண்டு, சில்கி இரண்டு, கிரீம் லெக்பார் ஒன்று. ரகத்துக்கு ஒரு அட்டையும் வைத்திருந்தார்கள், படமெல்லாம் நன்றாகவே இருந்தது, ஆனால் ஆறு அட்டையிலும் ஒரே வரி: 'சாந்தமான குணம், குழந்தைகளோடு நன்றாகப் பழகும்'. லெகார்னுக்கும் அதே வரியை எழுதியவர் லெகார்னைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

அனுப்பிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொரிந்த குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது, அதை வைத்தே சுமார் 72 மணி நேரம் தீனி தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும், குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடிவதே இதனால்தான். எனக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. பன்னிரண்டும் உயிரோடு. ஒரு சில்கி மட்டும் தலை தொங்கிக் கிடந்தது, அலகைத் தண்ணீரில் தொட்டுவிட்டதும் சமாளித்துக்கொண்டது. இரண்டுக்குப் பின்புறம் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மாரெக்ஸ் என்கிற கோழி வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இருந்தது. முதல் வாரம் விளக்கடியில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இதுவரை எல்லாம் சரி.

இப்போது அந்த 'அனைத்தும் பெட்டை'. இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் நம்பகமும் வேறு, எந்த ரகத்துக்கு எதைச் செய்தார்கள் என்று பெட்டியில் எங்கும் ஒரு வரி கிடையாது. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

கறுப்புக் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் செக்ஸ் லிங்க் தனி ரகம் அல்ல, ரோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கும் பார்டு ராக் பெட்டைக்கும் பிறக்கிற கலப்பு. கோழியில் நம்மைப் போல இல்லை, தலைகீழ்: சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரிவரியான இறகைத் தருகிற மரபணு இந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. தாயிடம் இருப்பது ஒரே இசட், அது மகனுக்குத்தான் போகும், மகளுக்குத் தாயிடமிருந்து கிடைப்பது டபிள்யூ. ஆக வரி போட்ட தாயின் ஆண் குஞ்சு தலையில் வெள்ளைப் பொட்டோடு பொரியும், பெண் குஞ்சு தலை முழுக்கக் கறுப்பாகப் பொரியும். இதைப் பிரிக்க நிபுணர் தேவையில்லை, கண் இருந்தால் போதும். எனக்கு வந்த மூன்றும் பொட்டில்லாதவை, மூன்றும் இன்று முட்டை வைக்கின்றன. ஒரே ஒரு விஷயம், இந்தக் கலப்புக் கோழிகளையே தங்களுக்குள் சேர்த்துப் பொரித்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் வேலை செய்யாது. அப்படிப் பொரித்து அதையும் செக்ஸ் லிங்க் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரீம் லெக்பாரிலும் ஏமாற இடமில்லை. கேம்பிரிட்ஜில் மரபியல் அறிஞர்கள் பன்னெட்டும் பீஸும் சேர்ந்து உருவாக்கிய, பொரிக்கும்போதே ஆணா பெண்ணா என்று தெரிகிற ரகங்களின் வழியில் வந்தது இது. மரபியல் பாடத்தில் கட்டம் போட்டுப் படித்திருப்போமே, அதே பன்னெட்தான். பெட்டைக் குஞ்சின் முதுகில் அணில் மாதிரி அழுத்தமான கோடு, கண்ணோரத்தில் மை தீட்டினாற்போல் ஒரு வரி. சேவல் குஞ்சு மங்கலாக, கோடுகள் கலைந்து, தலையில் வெளிறிய பொட்டோடு இருக்கும். கலப்பு செய்யத் தேவையில்லை, தலைமுறை தலைமுறையாக இப்படியேதான் வரும்.

பார்டு ராக்கில்தான் நான் முட்டாள் ஆனேன். இதில் ஆண், பெண் இரண்டுக்குமே தலையில் பொட்டு உண்டு. ஆனால் சேவலிடம் அந்த மரபணு இரண்டு பங்கு, பெட்டையிடம் ஒரு பங்கு. அதனால் சேவல் குஞ்சின் பொட்டு பெரிதாக, ஓரம் சிதறிக் கிடக்கும், உடம்பும் காலும் சற்று வெளிறியிருக்கும். பெட்டையின் பொட்டு சின்னது, திட்டமானது, காலின் முன்பக்கம் கறுப்பு படிந்திருக்கும். நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது என்றாலும் ஊகிக்கத் தாராளமாகப் போதும். வந்த இரண்டில் ஒன்றின் பொட்டு யாரோ சுண்ணாம்பைத் தெறித்தது போல் இருந்தது. கால் இரண்டும் மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம்கூட எடுத்தேன். எடுத்துவிட்டு, பெட்டியில்தான் பெட்டை என்று போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஆறாவது வாரம் அதன் கொண்டை சிவந்தபோது அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன், முதல் நாளே எழுதி ஒட்டியிருந்தது போல் இருந்தது.

ஆர்பிங்டன், லெகார்ன், சில்கி, இவற்றுக்கு நிறத்தில் எந்தத் துப்பும் கிடையாது. இங்கே பொரிப்பகம் செய்வது எச்சத்துளையைப் பார்த்துப் பிரிக்கிற முறை. 1920களில் ஜப்பானில் மசுயி, ஹஷிமோட்டோ போன்றவர்கள் முறைப்படுத்தியது. குஞ்சை இடது கையில் கவிழ்த்து எச்சத்தைப் பிதுக்கி எடுத்து, துளையை லேசாக விரித்து, உள்ளே கடுகை விடச் சிறிய ஒரு மேடு இருக்கிறதா, இருந்தால் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெட்டைகளில் சிலவற்றுக்கும் மேடு இருக்கும், அதுதான் தொல்லை. பல ஆண்டு பழகியவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள், நூற்றுக்கு 95க்கு மேல் சரியாகவும் சொல்வார்கள். தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அழுத்தம் கொஞ்சம் கூடினால் குடல் கெட்டுக் குஞ்சு செத்துவிடும், ஒரு நாள் கடந்துவிட்டால் தேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

நான் செய்தது அதைவிடப் பாதுகாப்பான ஒரு அசட்டுத்தனம். இறக்கையை விரித்துப் பார்த்தேன். வெளி வரிசை இறகு நீளமாகவும் அதன் மேல் மூடியிருக்கும் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே நீளம் என்றால் சேவல் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே. பன்னிரண்டையும் பார்த்தேன், லெகார்ன் இரண்டும் அமோகமாகப் பெட்டை என்று வந்தது. பிறகுதான் தெரிந்தது, லெகார்னுக்கு இயல்பாகவே இறகு வேகமாக வளரும், சேவலாக இருந்தாலும் அப்படித்தான் காட்டும். வேகமாக வளரும் தந்தை, மெதுவாக வளரும் தாய் என்று திட்டமிட்டுச் சேர்த்த வம்சத்தில் மட்டும்தான் இந்தச் சோதனைக்குப் பொருள், அதுவும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள். என் லெகார்ன்கள் பெட்டையாகவே அமைந்தது என் அதிர்ஷ்டம், என் சோதனையின் பெருமை அல்ல. முட்டை கூராக இருந்தால் சேவல், கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் காலை மடக்குவது பெட்டை, மோதிரத்தை நூலில் கட்டி ஆட்டிப் பார்ப்பது, இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், பாதி பாதி வாய்ப்புள்ள எந்த விஷயத்திலும் எந்த ஜோசியமும் பாதி முறை பலிக்கும்.

சில்கி விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். குஞ்சு சின்னது, உடம்பெல்லாம் பஞ்சு, இறகே சரியான இறகு கிடையாது. பல பொரிப்பகங்கள் சில்கியையும் குட்டை ரகங்களையும் ஆண் பெண் பிரிக்காமலேயே விற்கின்றன, அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுகின்றன. வளர்ந்த பிறகும் சுலபமில்லை. கொண்டை அக்ரூட் (வால்நட்) கொட்டை போல உருண்டையாக இருக்கும், தலைப் பஞ்சில் பாதி மறைந்துவிடும், நாலைந்து மாதம் வரை அனுபவசாலிகளே உறுதியாகச் சொல்லத் தயங்குவார்கள். அப்படிப்பட்ட சில்கியைப் பெட்டை என்று உறுதி போட்டு விற்றால் அது பிரித்ததா, வாய்க்கு வந்ததா என்று நான் கேட்பேனா மாட்டேனா? இரண்டில் ஒன்று நான்கரை மாதத்தில், விடிவதற்கு வெகு முன்பே, தகரக் கதவைக் கீறினாற்போல் ஒரு சத்தம் போட்டது. முதலில் ஏதோ மூச்சுத் திணறல் என்று பதறி ஓடினேன். பிறகு பார்த்தால் தலைப் பஞ்சுக்குப் பின்னால் நீண்டு மெலிந்த இறகுகள் நாலைந்து வழிந்திருந்தன, சில்கிச் சேவலின் அடையாளம்.

ஆர்பிங்டனில் ஒன்று சேவல் என்பது இவ்வளவு தாமதமாகவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருத்திக்கு வால் முளைத்து இறக்கை நிரம்பியிருக்க, இன்னொன்று முதுகு மொட்டையாக, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைக் குஞ்சத்தோடு, தடித்த காலோடு நடந்துகொண்டிருந்தது. கனத்த ரகங்களில் சேவல் குஞ்சுக்கு இறகு மெதுவாகத்தான் நிரம்பும். ஏழாம் வாரம் தாடியும் சிவந்தது. ஒரு விஷயம், கொண்டையை ஒப்பிடும்போது அதே ரகத்தில், அதே வயதில் ஒப்பிடுங்கள். லெகார்ன் பெட்டையின் கொண்டை ஆர்பிங்டன் சேவலின் கொண்டையைத் தோற்கடிக்கும், பருவம் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தொங்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் பன்னிரண்டு பதினாலு வாரம் பொறுங்கள், வாலுக்கு முன்னால் முதுகின் ஓரத்தில் கூரான, மினுமினுப்பான இறகு தொங்கினால் சேவல், வட்ட நுனியாக இருந்தால் பெட்டை. சில்கி தவிர மற்றவற்றில் இது ஏறக்குறைய கடைசித் தீர்ப்பு.

சரி, மூன்று தப்பு. பொரிப்பகத்துக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. 90 சதவீதம் சரியாக இருக்கும் என்பதே எங்கள் உத்தரவாதம் என்றார்கள். பன்னிரண்டில் மூன்று தப்பு என்றால் 75 ஆயிற்றே என்றேன். உத்தரவாதம் மொத்த விற்பனைக்குக் கணக்கிடப்படுவது, தனிப்பெட்டிக்கு அல்ல, மேலும் புகார்களைக் குஞ்சு சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பதில். இறந்துபோன குஞ்சுக்கு இந்த 48 மணி நேரக் கணக்கு நியாயம். சேவலா பெட்டையா என்பதை 48 மணி நேரத்தில் நான் கண்டுபிடித்துவிட்டால் பிரித்துத் தர உங்களுக்கு எதற்குத் தனியாகக் காசு? இதற்கு மட்டும் பதில் வரவில்லை. ஒரு நட்சத்திரம் அங்கே போனது.

இன்னொன்று அந்த 'சாந்தமான குணம்' வரிக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேவல் பெட்டைக் கணக்கு தப்பியதை விட இதில்தான் நான் அதிகம் அலைந்தேன்.

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சுபாவச் சாய்வு உண்டு என்பது இரண்டாம் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. நான் தண்ணீர் மாற்றக் கையை நீட்டினால் லெகார்ன் இரண்டும் எதிர் மூலைக்குப் பறந்து சுவரில் மோதும், அந்தக் களேபரத்தில் மற்றவையும் கலையும். பார்டு ராக் இரண்டும் கையை நோக்கி வரும், மோதிரத்தைக் கொத்திப் பார்க்கும். ஆர்பிங்டன்கள் விளக்கடியில் கால் நீட்டிப் படுத்தபடியே, யார் வந்தாலென்ன என்று கிடக்கும். லெக்பார் தனியாக ஒரு கணக்கில் ஓடும், தொடவும் விடாது, மிரளவும் மிரளாது. கறுப்புக் குஞ்சுகளுக்குத் தீனிதான் உலகம்.

இதில் எதுவும் கெட்ட கோழி கிடையாது. லெகார்ன் என்றாலே அப்படி மிரள்வதும் ஓயாமல் சுற்றுவதும்தான். உடம்பு சிறிது, தின்பது குறைவு, அடைக்கு உட்காராது, வெள்ளை முட்டையை விடாமல் வைத்துக்கொண்டே இருக்கும். முட்டை மட்டும் வேண்டுமென்றால் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மடியில் வைத்துத் தடவ ஆசைப்பட்டு லெகார்ன் வாங்கினால் கோழிக்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆர்பிங்டன் நேர் எதிர். தூக்கினால் தூக்கிய இடத்தில் இருக்கும், ஆனால் அடிக்கடி அடைக்கு உட்கார்ந்து வாரக்கணக்கில் முட்டையை நிறுத்திவிடும். அந்தப் பரம்பரையிலேயே முட்டைக்கென்று தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவில் வளர்த்ததுதான் ஆஸ்திரலார்ப், 1922-23ல் அதில் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1857 முட்டை வைத்த கணக்கு இருக்கிறது. சாந்தமும் முட்டையும் சேர்ந்து வேண்டுமென்றால் இந்தப் பெட்டியில் அதைத்தான் வைத்திருக்க வேண்டும். ஏன் வைக்கவில்லையோ.

பிரச்சினை ரகத்தில் இல்லை, கலவையில் இருந்தது. சில்கி பறக்காது, தலைப் பஞ்சு கண்ணை மறைப்பதால் பக்கத்தில் வருவதே அதற்குத் தெரியாது, திருப்பிக் கொத்தவும் செய்யாது. அதை லெகார்னோடும் பார்டு ராக்கோடும் ஒரே கூட்டில் போட்டு 'புதியவர்களுக்கு ஏற்றது' என்றால் யாருக்கு ஏற்றது? கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு, சுமார் நூறு ஆண்டுக்கு முன் நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே அதை உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்தார். என் கூட்டில் அந்த வரிசை ஆறாம் வாரத்தில் முடிவானது, சில்கி இரண்டும் கடைசி, அதுவும் மற்றவற்றுக்கும் இவற்றுக்கும் நடுவில் பெரிய இடைவெளியோடு கடைசி. ஒரு நாள் மாலை பார்த்தால் ஒன்றின் உச்சந்தலையில் பஞ்சு பறிக்கப்பட்டு ரத்தம். அலறியடித்துப் பிரித்து, வலை போட்டுத் தனி அறை கட்டினேன். தலைப் பஞ்சைக் கண்ணுக்கு மேல் கத்தரித்துவிட்ட அன்று அந்தச் சில்கி ஒரு மணி நேரம் சும்மா நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது, ஐயோ பாவம், இத்தனை நாள் திரைக்குப் பின்னாலேயே வாழ்ந்திருக்கிறது.

இன்னொன்று, அட்டையில் இருக்கும் சுபாவமெல்லாம் பெட்டையை வைத்து எழுதியது. சேவல் வந்துவிட்டால் அது செல்லாது. கையிலேயே வளர்ந்த, தோளில் ஏறி உட்கார்ந்த அந்தப் பார்டு ராக், ஐந்தாம் மாதம் ஒரு காலையில் பின்னாலிருந்து பாய்ந்து என் ஆடுதசையைக் கிழித்தது. ஓடவும் முடியவில்லை, அடிக்கவும் மனம் வரவில்லை. என் அனுமானம் என்னவென்றால், அதை நான் அளவுக்கு மீறிக் கொஞ்சியதுதான் வினை, மனிதன் மேல் பயமே இல்லாமல் போய், என்னையும் இன்னொரு சேவலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நான் அதிகம் தொடாத ஆர்பிங்டன் சேவல் இன்றுவரை என் வழியில் வந்ததில்லை, புழு கிடைத்தால் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ரகமா, வளர்ப்பா, அந்தந்தக் கோழியின் பிறவிக் குணமா என்று ஒரு வீட்டு அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பார்டு ராக் பெட்டை இப்போதும் தங்கம். சேவலைச் சண்டைக்கு அஞ்சாத ஒருவரிடம் ஆறாம் மாதம் கொடுத்துவிட்டேன். தலைப்பில் மூன்று கூவுகிறது என்றேனே, அதில் ஒன்று இப்போது அவர் வீட்டில் கூவுகிறது.

அடுத்த பெட்டிக்கு எழுதும்போது என்ன கேட்பேன் என்று தெரிந்துவிட்டது. எந்த ரகத்துக்கு எந்த முறையில் பிரித்தீர்கள், சில்கியைப் பிரித்தீர்களா இல்லையா, 90 சதவீதம் எதன் மேல் கணக்கு, சேவலாகிவிட்டால் எத்தனை வாரம் வரை ஏற்பீர்கள். ஒழுங்கான பொரிப்பகம் இதற்கெல்லாம் கூச்சமில்லாமல் பதில் சொல்லும். இவர்களிடமே வாங்குவேனா? கறுப்புக் குஞ்சும் லெக்பாரும் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். சில்கி வாங்க மாட்டேன்.

ஆனால் கறுப்புக் குஞ்சுகூட இனி வாங்க வேண்டாம் போலிருக்கிறது. பார்டு ராக் சேவல் போய் மூன்று வாரம் காத்திருந்து, ஏனென்றால் சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும், பார்டு ராக் பெட்டையையும் தப்பிவந்த ஆர்பிங்டன் சேவலையும் தனி அறையில் விட்டேன். தந்தைக்கு வரி இல்லை, தாய்க்கு உண்டு. ரோட் ஐலண்ட் ரெட்டுக்குப் பதில் ஆர்பிங்டன், கணக்கு அதே கணக்கு. சேர்ந்த முட்டை ஒன்பது, அடைக்கு உட்கார்ந்திருந்த ஆர்பிங்டன் பெட்டையின் அடியில் வைத்தேன். போன வாரம், 21ஆம் நாள், ஏழு பொரிந்தன. ஏழும் கறுப்பு. நாலுக்குத் தலையில் வெள்ளைப் பொட்டு, மூன்றுக்கு இல்லை.